பத்துக்கு நேராக இரண்டு

முதுகலை கணினி அறிவியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில், வாரத்தில் மூன்று மதியங்கள் ஓர் ஆராய்ச்சிக் குழுவில் பகுதிநேர உதவி மாணவியாக வேலை பார்த்தேன். தூத்துக்குடியில், பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் மாடியில் அந்த அறை. கதவில் 'உயிர்த்தகவலியல்' என்று எழுதியிருக்கும். அதற்கு என்ன பொருள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சேர்ந்த புதிதில் எனக்கும் சரியாகத் தெரியாது. சாத்தான்குளத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அப்பா, விசாரித்தவர்களிடம் எல்லாம் "மவ கம்ப்யூட்டர்ல டாக்டர் வேல பாக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தப் போகவில்லை.

வேலை இதுதான். ஓர் உயிரின் மரபணுவை எடுத்து ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் அதை எழுத்துகளாக்கித் திருப்பித் தருவார்கள். நான்கே எழுத்துகள், கோடிக்கணக்கில் மாறி மாறி வரும். கண்ணால் பார்த்து அதில் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. கணினியில் ஏற்றி, பழுதானதை நீக்கி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எதற்கு எது நெருங்கிய சொந்தம் என்று பார்க்க வேண்டும். யோசிக்கிற வேலை மற்றவர்களுடையது. கோப்புகளுக்குப் பெயர் வைப்பது, நல்லதையும் பழுதையும் பிரிப்பது, அட்டவணை போடுவது எல்லாம் என்னுடையது. கல்லூரியில் பயிற்சிக்குக் கொடுக்கும் தரவுகளை யாரோ முன்பே கழுவித் துடைத்து வைத்திருப்பார்கள். இங்கே வந்தவை அப்படி இல்லை. பாதியில் அறுந்திருக்கும், இரண்டு முறை வந்திருக்கும், பெயர் மாறியிருக்கும். அவற்றோடு மல்லுக்கட்டுவது எனக்குப் பிடித்திருந்தது.

அறையில் நாங்கள் மூன்று பேர். குழுவின் தலைவி ஒரு பேராசிரியை. அவரை மேடம் என்போம். குரலை உயர்த்தாதவர்; பதில் சொல்வதற்கு முன் பேனாவை மூடி வைப்பார். அடுத்து, முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்த ஓர் அக்கா. மூன்றாவது நான்.

அக்கா கீழவைப்பாரைச் சேர்ந்தவர். அப்பா இல்லை. அண்ணன் சங்கு குளிக்கிறவர். கடலுக்குள் முங்கிப் பாறைகளுக்கும் மணலுக்கும் இடையில் சங்கு தேடி எடுத்து வருகிற வேலை. அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டியவர் அக்கா ஒருவர்தான். அவர் எடுத்துக்கொண்டிருந்த ஆய்வும் கடலடியைப் பற்றியதுதான். எங்கள் கரைக்கு எதிரே கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத் திட்டுகளை மீனவர்கள் 'பார்' என்பார்கள். முத்துச்சிப்பிகள் அதில்தான் ஒட்டி வளரும். முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்றாலும் சிப்பி அங்கேயேதான் இருக்கிறது. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் சிப்பி, கீழவைப்பாருக்கு எதிரே இருக்கும் சிப்பி, தெற்கே மணப்பாட்டுப் பக்கத்துச் சிப்பி, இந்த மூன்றும் ஒரே கூட்டமா, தனித்தனிக் கூட்டங்களா? இதுதான் அக்காவின் கேள்வி. பண்ணையில் குஞ்சு வளர்த்துக் கடலில் விடுவதாக இருந்தால், எதை எங்கே விடலாம் என்பதற்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு விளக்கினார். ஆனால் அதற்கும் முன்னால் வேறொரு காரணம் இருந்தது. கீழவைப்பார்ச் சிப்பியின் ஓடு விளிம்பில் தடிப்பாக இருக்கும், பாறையை விட்டு லேசில் வராது என்று அவருடைய அண்ணன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முறையாக அனுமதி வாங்கி, இடத்துக்கு நாற்பதாக மொத்தம் நூற்றிருபது சிப்பிகள் எடுத்திருந்தார்கள். கீழவைப்பார்ச் சிப்பிகள் எல்லாம் அண்ணன் முங்கி எடுத்தவை. ஒவ்வொன்றிலிருந்தும் நகக்கண் அளவு சதை வெட்டி, சுண்டுவிரல் நீளக் குப்பியில், கெடாமல் இருக்கச் சாராயத்தில் போட்டு எண் எழுதியிருந்தார் அக்கா. ஒன்றிலிருந்து நாற்பது வரை தூத்துக்குடி. நாற்பத்தொன்றிலிருந்து எண்பது வரை கீழவைப்பார். மீதி மணப்பாடு.

நான் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து, தை மாதக் கடைசியில், ஐதராபாத் ஆய்வுக்கூடத்திலிருந்து தரவுகள் வந்தன. மூன்று வாரம் அதோடுதான் கிடந்தேன். கடைசியில் படம் வந்தது. படத்தில் ஒவ்வொரு சிப்பியும் ஒரு புள்ளி. மரபணு ஒத்துப்போகும் சிப்பிகள் பக்கத்தில் பக்கத்தில் விழும். தூத்துக்குடிக்கு நீலம், கீழவைப்பாருக்குப் பச்சை, மணப்பாட்டுக்குச் சிவப்பு என்று நிறம் கொடுத்திருந்தேன். மூன்று நிறமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, ஒரே புள்ளிக்கூட்டமாக இருந்தது.

அக்கா அதை ரொம்ப நேரம் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார். பிறகு, "அப்ப எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

வித்தியாசம் இல்லை என்பதும் ஒரு முடிவுதான் என்று மேடம் சொன்னார். ஆனால் அதை வைத்து ஒரு பட்டத்துக்கான ஆய்வேட்டை முழுதாக எழுதிவிட முடியாது. மறுபடியும் சிப்பி எடுக்கப் போட்டிருந்த திட்டத்தை விட்டுவிட்டு, ஏற்கெனவே உலகத்தில் வெளியாகியிருக்கும் தரவுகளை வைத்து வேறு கேள்வியைப் பிடிக்கலாம் என்று முடிவானது. அக்காவின் அண்ணன் இரண்டாவது சுற்றுக்காகச் சில சனிக்கிழமைகளை ஒதுக்கி வைத்திருந்தார். அவருக்கு அக்கா வராந்தாவில் நின்று போன் பண்ணினார். நான் பிரிண்டர் பக்கத்தில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம்ண்ணே. எல்லாம் ஒண்ணுதானாம். கம்ப்யூட்டரு அப்படித்தான் சொல்லுது."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ தெரியவில்லை. அக்கா கொஞ்ச நேரம் ம், ம் என்றுவிட்டு வைத்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஒரு சின்னப் பெருமையும் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கடலுக்கு அடியில் இருக்கிற ஒரு விஷயத்தை, கடலில் கால் நனைக்காமல் நான் முடித்துவைத்திருக்கிறேன் என்ற பெருமை. வெளியூரிலிருந்து வந்த விருந்தினர் ஒருவரிடம் மேடம் என்னைக் காட்டி, இவள் கைபட்டால் தப்பு வராது என்று சொன்னது அந்த வாரத்தில்தான்.

சித்திரை மாதம். தரவுகளைப் பொதுவில் எல்லாரும் பார்க்கிற மாதிரி ஏற்றிவைக்க வேண்டும், முழு அட்டவணை ஒன்று போட்டுக்கொடு என்று மேடம் கேட்டார். கோப்பு, குப்பியின் எண், இடம், ஆழம், எடுத்த நாள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். முன்பு படத்துக்காக நான் போட்டிருந்த அட்டவணையில் கோப்பின் பெயரும் இடமும் மட்டும்தான் உண்டு. குப்பியின் எண்ணைத்தானே கோப்புக்கும் பெயராக வைத்திருக்கிறோம், அது தனியாக எதற்கு என்று அந்தப் பத்தியை அப்போதே நீக்கியிருந்தேன். இப்போது அதைத் திரும்பச் சேர்த்தேன்.

முதல் வரிசையில் கோப்பு ஒன்றுக்கு நேராகக் குப்பி ஒன்று. இரண்டாவது வரிசையில் கோப்பு பத்துக்கு நேராகக் குப்பி இரண்டு. மூன்றாவதில் கோப்பு நூறு, குப்பி மூன்று.

என்ன நடந்திருக்கிறது என்று புரிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. கணினி என் கோப்புகளின் பெயர்களை எண்களாக எடுத்துக்கொள்ளவில்லை. சொற்களாக எடுத்துக்கொண்டு அகராதி வரிசையில் அடுக்கியிருந்தது. ஒன்று என்ற இலக்கத்தில் தொடங்குவதெல்லாம் முதலில் வரும். ஆகவே ஒன்றுக்கு அடுத்து பத்து, பத்துக்கு அடுத்து நூறு. இடங்களின் பட்டியலோ அக்காவின் நோட்டில் இருந்தபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியது நான். ஏறக்குறையப் பாதிச் சிப்பிகளுக்கு ஊர் மாறிப்போயிருந்தது. மணப்பாட்டுச் சிப்பி நீலத்தில் இருந்தது, கீழவைப்பார்ச் சிப்பி சிவப்பில் இருந்தது. நிறங்கள் கலந்திருந்ததற்குச் சிப்பிகள் காரணமே இல்லை.

செய்யக் கூடாது என்று முதல் வருட மாணவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிற தப்பு அது. அந்தப் பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

அறையில் அப்போது யாரும் இல்லை. நான் செய்த முதல் காரியம், அந்தப் பத்தியை மறுபடி நீக்கிவிட்டுக் கோப்பை மூடியதுதான். அப்புறம் போய் முகம் கழுவினேன்.

மறுநாள் காலையில் விடுதியில் உட்கார்ந்து, என் மடிக்கணினியில் சரியான வரிசையில் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன். புதிய படத்தில் பச்சைப் புள்ளிகள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தன. முழுக்கப் பிரிந்துவிடவில்லை. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாலும், நாலைந்து பேர் பழக்கத்தால் இந்தப் பக்கம் வந்து பேசிக்கொண்டிருப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி. ஆனால் ஒதுங்கியிருந்தது நிச்சயம். கீழவைப்பார்ச் சிப்பி கொஞ்சம் வேறுதான்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான் பத்து நாள் சொல்லவில்லை.

அந்தப் பத்து நாளும் என்னிடம் காரணங்கள் இருந்தன. முதலில், இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். சரிபார்த்தேன். அடுத்து உள்தேர்வு வந்தது, அது முடியட்டும் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா கடையில் யாரிடமோ என் வேலையைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். கேட்டும் கேட்காதவளாய் உள்ளே போய்விட்டேன். மேடத்திடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பயமும் உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரியது வேறு. தப்பே செய்யாதவள் என்று மூன்று பேர் உள்ள அறையில் எனக்கொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நானே கையால் எடுத்துக் கீழே வைக்க மனசு வரவில்லை.

ஆறாம் நாள் என்று நினைக்கிறேன். மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, பேச்சோடு பேச்சாக அக்கா தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். "கடலு கொளத்துத் தண்ணியாட்டம் கெடக்காம். அடிமண்ணு தெரியுதாம். போன வருசம் இப்படி இல்லன்னு சொல்லுதான்."

அதில் குறை எதுவும் இல்லை. வீட்டுச் செய்தி சொல்கிற குரல்தான். எனக்கு மட்டும் அது வேறு மாதிரி கேட்டது. அவருடைய அண்ணன் அந்த நாட்களில் முங்கியிருந்தால் இரண்டாவது சுற்றுச் சிப்பிகள் வந்து சேர்ந்திருக்கும். இன்றைக்குச் சொன்னால்கூட நாளைக்கே அவர் முங்கப் போய்விடுவார். எல்லாம் தெரிந்தும் தலையை ஆட்டினேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்துகொண்டேன்.

பத்தாம் நாள் காற்று திரும்பியது. நான் பேருந்திலிருந்து இறங்கும்போதே கண்ணில் மண் விழுந்தது. சாலையோரத்துப் பெயர்ப்பலகைகள் ஆடிக்கொண்டிருந்தன. மாடிக்கு வந்தால் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டிருந்தன. அக்கா எழுந்து ஒவ்வொன்றாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தார்.

"கச்சான் எறங்கிட்டு" என்றார், என்னைப் பார்க்காமலே. "இனி முங்க முடியாது. தண்ணி கலங்கிரும்."

கச்சான் என்பது தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. அது தொடங்கினால் மாதக்கணக்கில் நிற்காது. நான் பையைக்கூட இறக்கவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னேன்.

"அக்கா, அந்தப் படம் தப்பு. நான் ஊர் மாத்திப் போட்டுட்டேன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, அட்டவணையைக் காட்டி, பத்துக்கு நேராக இரண்டு இருப்பதைக் காட்டி, பிறகு புதிய படத்தைக் காட்டினேன். பச்சைப் புள்ளிகளின் மேல் அவருடைய விரல் போய் நின்றது. முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். அப்புறம் அவர் திரும்பினார்.

"ஏளா, இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. வாய்வரை வந்தும்விட்டது.

"பத்து நாளாச்சு."

"பத்து நாளா" என்றார். கேள்வி இல்லை, சும்மா திருப்பிச் சொன்னார். பிறகு என் மடிக்கணினியை மெதுவாக மூடினார், ஏதோ அதற்கு வலித்துவிடும் போல. "தப்பு யாரும் பண்ணுவாவ. நானும் பண்ணுவேன். அன்னைக்கே சொல்லியிருந்தா எங்கண்ணன் போயிருப்பான்லா."

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று மதியம் முழுவதும் திரும்பி வரவில்லை.

மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். கேட்டு முடித்ததும், அந்த அட்டவணையை நான் போட்ட பிறகு வேறு யார் பார்த்தார்கள் என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை என்றேன். அவர், அப்படியானால் இதில் தனக்கும் பங்கு உண்டு, ஒரு மாணவி தனியாகப் போட்ட அட்டவணையை வைத்து ஒரு வருட வேலையைத் தானும் மாற்றிவிட்டதாகச் சொன்னார். என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. போகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்கு வெளியே போன அக்கா அண்ணனுக்குப் போன் பண்ணியிருக்கிறார். கச்சான் அடித்தும் அவர் மறுநாள் காலையில் படகை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று. கலங்கிய தண்ணீரில் கை நீட்டினால் கை தெரியவில்லை. அலை தூக்கிப் பாறையில் போட்டதில் முழங்கை கிழிந்து தையல் போடும்படி ஆகிவிட்டது. சிப்பி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இதை அக்கா எனக்குச் சொல்லவில்லை. மேடம் சொல்லித்தான் தெரியும்.

அதற்குப் பிறகு வேலை வேறு மாதிரி நடந்தது. எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சரிபார்க்க வேண்டும் என்றார் அக்கா. கோப்பில் மட்டும் பார்த்தால் போதாது, குப்பியிலிருந்தே தொடங்க வேண்டும். உறைபெட்டியிலிருந்து நூற்றிருபது குப்பிகளையும் எடுத்து, தட்டுத் தட்டாகப் பனிக்கட்டியில் வைத்து, அவர் குப்பியின் எண்ணைப் படிப்பார், நான் நோட்டில் பார்த்து ஊரைச் சொல்வேன், அவர் கோப்பின் பெயரைச் சொல்வார், நான் குறியிடுவேன். மறுநாள் அதையே ஆள் மாற்றிச் செய்தோம். நான் படித்தேன், அவர் குறியிட்டார். ஒரு வாரத்துக்கு மேல் எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை. நாற்பத்தேழு. கீழவைப்பார். நாற்பத்தெட்டு. கீழவைப்பார். அவ்வளவுதான்.

இரண்டு குப்பிகளில் எண் பாதி அழிந்திருந்தது. எது அறுபத்தொன்று, எது அறுபத்தேழு என்று தெரியவில்லை. இரண்டு பேரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மையால் எழுதியிருந்ததால் சாராயம் பட்டுக் கரைந்திருந்தது. "இது என் தப்பு" என்றார் அக்கா. "பென்சில்ல எழுதணும்னு தெரியும். அன்னைக்குப் படகுல பென்சில் கிடைக்கல." பிறகு தானே ஒரு காகிதத்தில் தேதி போட்டு, இரண்டு குப்பிகள் சந்தேகத்துக்குரியவை, எண் எழுதியதில் பிழை, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நோட்டில் ஒட்டினார். ஒட்டிவிட்டு அடுத்த குப்பியை எடுத்தார். சுமார் ஒரு நிமிடத்தில் முடிந்த வேலை அது. நான் பத்து நாள் எடுத்துக்கொண்டதை அவர் எப்படிச் செய்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இத்தனை சரிபார்த்த பிறகும் புதிய படம் மாறவில்லை. ஆனால் நாற்பது சிப்பிகளை, அதுவும் ஒரே பருவத்தில் எடுத்ததை வைத்து ஊருக்குச் சொல்ல முடியாது, இன்னொரு பருவத்திலும் எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும் என்று மேடம் சொல்லிவிட்டார். கச்சான் ஓய்ந்து, மழைக்காலமும் போய், கடல் மறுபடி தெளிய தை மாதம் ஆகும். அதற்குள் அக்காவின் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. காலையில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக வகுப்பெடுத்துவிட்டு மதியத்துக்கு மேல் ஆய்வகத்துக்கு வருவார். சாக்பீஸ் தூளோடு வருகிற அந்த ஒரு வருடம் என்னால் வந்தது என்பதை இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

தை பிறந்ததும் நானும் கீழவைப்பாருக்கு வரட்டுமா என்று கேட்டேன். அக்கா ஏன் என்று கேட்டார். குப்பிகளில் நான் எழுதுகிறேன் என்றேன். பென்சில் கொண்டு வா என்றார்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் கரையில் போய் நின்றோம். படகு ஏற்கெனவே போயிருந்தது. வெயில் ஏறிய பிறகுதான் திரும்பி வந்தது. அக்காவின் அண்ணனை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். எலும்பும் நரம்புமான உடம்பு, சிவந்த கண்கள். கரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் காதிலிருந்து தண்ணீரைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார். வலைப்பையைக் கவிழ்த்தார். பத்துப் பன்னிரண்டு சிப்பிகள் பாசியோடு விழுந்தன. ஒவ்வொரு முறை முங்கும்போதும் ஒன்று, அதிகம் போனால் இரண்டுதான் கிடைக்கும் என்றார். எடுத்த இடமும் ஆழமும் படகில் இருந்த இன்னொருவர் அட்டையில் குறித்துக் கொண்டுவந்திருந்தார். அக்கா சிப்பியைத் திறந்து சதையை வெட்ட, நான் எண் எழுதினேன். கத்தி நுழைய மறுத்தது. விளிம்பு நிஜமாகவே தடிப்பாக இருந்தது. ஒரு குப்பிக்குப் பின்னால் ஒரு மனிதரின் ஒரு மூச்சு இருக்கிறது என்று எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் விளங்கியிருக்காது. நான் பார்த்ததெல்லாம் ஒன்றிலிருந்து நூற்றிருபது வரை எண்கள்தான்.

அவர் முழங்கையில் தையல் போட்ட தழும்பு வெளுப்பாகத் தெரிந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"அண்ணே, அந்தத் தப்பப் பண்ணுனது நான்தான்" என்றேன்.

"தெரியும் தங்கச்சி, பாப்பா சொல்லுச்சு" என்றார். அக்காவைத்தான் அவர் பாப்பா என்பார். "கச்சான்ல எறங்குனது நான்லா. அது ஒன் கணக்குல வராது." பிறகு, நாளைக்கும் வருவீங்களா, வந்தால் நிழலுக்கு ஒரு தார்ப்பாய் கட்டி வைக்கச் சொல்கிறேன் என்றார். நாங்கள் நாலு நாள் போனோம். தார்ப்பாய் இரண்டாம் நாளே கட்டியிருந்தது.

இரண்டாம் பருவச் சிப்பிகளும் ஏறக்குறைய அப்படியேதான் ஒதுங்கின. முதல் தடவையைவிடச் சற்றுக் குறைவு என்றுதான் சொல்ல வேண்டும்; ஆனால் பக்கம் மாறவில்லை. அக்கா அதை மிகையாக எழுதவில்லை. ஆய்வேட்டின் முறைகள் என்ற பகுதியில், முதல் பகுப்பாய்வில் மாதிரிகளின் இடக்குறிப்பு பிழையாக இணைக்கப்பட்டிருந்தது, அது கண்டறியப்பட்டு எல்லா மாதிரிகளும் குப்பி நிலையிலிருந்து மறுபடி சரிபார்க்கப்பட்டன என்று இரண்டு வரி இருந்தது. அதைத் தட்டச்சு செய்தது நான். வேண்டுமானால் விட்டுவிடலாமே என்று அப்போதும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். அவர் கூடாது என்று தலையை ஆட்டினார்.

வாய்மொழித் தேர்வுக்கு நான் சென்னையிலிருந்து வந்தேன். அதற்குள் படிப்பு முடிந்து, ஒரு மருத்துவத் தரவு நிறுவனத்தில் வேலையில் சேர்ந்திருந்தேன். மேடம் கொடுத்த கடிதத்தால்தான் அந்த வேலை கிடைத்தது. கடிதத்தில் அந்தப் பிழையைப் பற்றியும் எழுதியிருந்தார் என்று நேர்முகத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அதைப் பற்றித்தான் அவர்கள் ரொம்ப நேரம் கேட்டார்கள்.

அரங்கில் முப்பது பேர் இருந்திருப்போம். பின்வரிசையில் அக்காவின் அண்ணன் தேய்த்த வெள்ளைச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அந்த இரண்டு வரியில் விரலை வைத்து, இந்தப் பிழையைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். அக்கா ஆங்கிலத்தில் பதில் சொன்னார். தமிழில் அது இப்படி வரும்: "எங்கள் குழுவில் பகுதிநேரமாக இருந்த மாணவி. பிழையைச் செய்ததும் அவள்தான், கண்டுபிடித்ததும் அவள்தான். எங்களிடம் சொல்லப் பத்து நாள் எடுத்துக்கொண்டாள். ஆனால் கேட்டபோது பத்து நாள் என்றே சொன்னாள்."

அரங்கில் சிலர் சிரித்தார்கள். தேர்வாளர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். எனக்கு முகம் சுட்டது. ஆனால் எங்காவது எழுந்து போய்விட வேண்டும் என்று தோன்றவில்லை.

தேர்வு முடிந்து, பட்டம் உறுதி என்று அறிவித்து, எல்லாரும் கைதட்டி, கீழே உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். மேடம் வேறு மேசையில் தேர்வாளரோடு இருந்தார். அக்கா, அவருடைய அண்ணன், நான் மூவரும் ஒரு மேசையில். அவ்வளவு நேரம் ஆங்கிலத்தில் நடந்ததில் அண்ணனுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, கடைசியில் என்னதான் முடிவாச்சு என்று தங்கையிடம் கேட்டார்.

"நம்ம பார்ச் சிப்பி வேறதான்ண்ணே" என்றார் அக்கா.

"முழுசாவா?"

"இல்ல. கொஞ்சம் வேற."

அண்ணன் ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் வேறன்னா போதும்" என்றார். பிறகு பரிமாறுகிறவரைக் கையசைத்துக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.